பயிர் விளைவை அளப்போர் கூட்டம்

ஒரு கிராமத்தில் இவ்வாண்டு ஏக்கருக்கு நெல் எவ்வளவு கண்டது என்று வினவினால், வினவுபவரைப் பொறுத்து விடை மாறுவது யாவரும் அறிந்ததே. கடன் கொடுத்தவர் கேட்டால் ஒரு கணக்கு. சம்பந்தம் பேச வந்தவர் கேட்டால் வேறொரு கணக்கு. தீர்வை வசூலிப்பவர் கேட்டால் மூன்றாவது கணக்கு. இதற்காகக் குடியானவரைக் குறை கூறுவதற்கில்லை. களத்தில் கண்ட நெல்லை எல்லோரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பார்த்தவரும் அதை ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும், தானியத்தை எங்கிருந்து எங்கே அனுப்புவது, எவ்வளவு சேமித்து வைப்பது, எந்தத் தாலூகாவுக்கு நிவாரணம் தருவது, எந்தக் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வழங்குவது என்பனவெல்லாம் விளைவின் கணக்கைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகையால் எவருடைய வாய்ச்சொல்லையும் நம்பாது, வயலில் இறங்கி, அளந்து, அறுத்து, நிறுத்து அறியும் ஒரு முறை ஏற்பட்டது. இதற்குப் பயிர் அறுவடைச் சோதனை என்று பெயர்.

இச்சோதனையைச் செய்யும் உத்தியோகஸ்தர்களும், அதன் கணக்கைத் தொகுக்கும் புள்ளியியல் அறிஞர்களும் அறுவடைக்கு முன்னர் ஒரு வட்டாரத்தில் ஒன்றுகூடிப் பயில்வது வழக்கம். பாடமும் உண்டு, வயலில் செய்முறையும் உண்டு, உடன் உண்டு உரையாடுதலும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது சர்க்கார் செலவில் நடக்கும் ஓர் உல்லாசம் போலத் தோன்றலாம். அவ்விதம் தோன்றுவது ஏன் தவறு என்பதை அறிய, முதலில் இம்முறை வந்த வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

முற்காலத்தில் விளைவுக் கணக்கு மூன்று உறுப்புக்களை உடையதாக இருந்தது. பயிரிட்ட பரப்பு ஒன்று. வழக்கமான ஆண்டில் ஏக்கருக்குக் காணும் விளைவு இரண்டு. இவ்வாண்டின் விளைவு அதில் எத்தனை அணா என்னும் மதிப்பு மூன்று. பதினாறு அணா விளைவே பூரண விளைவு எனக் கொண்ட இடத்தில், பன்னிரண்டு அணா என்றால் முக்கால் விளைவு என்பது பொருள். இம்மூன்றில் முதலாவது நமது பக்கத்தில் ஓரளவு நம்பத்தக்கதாகவே இருந்தது. ரயத்வாரி முறை நிலவிய சென்னை ராஜதானியில் ஒவ்வொரு வயலும் சர்வே செய்யப்பட்டு நம்பர் பெற்றிருந்தது. கர்ணம் அடங்கலில் பயிரைப் பதிந்து வந்தார். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980இல் நீக்கப்பட்ட பின்னர் இவ்வேலை கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தது. நிரந்தரத் தீர்வை நிலவிய வங்காளத்திலோ இத்தகைய கிராமக் கணக்கர் இல்லை. அங்கே பரப்பே பெரும்பாலும் ஊகமாயிருந்தது.

மூன்றாவது உறுப்பாகிய அணா மதிப்புத்தான் எங்கும் தொல்லை விளைவித்தது. வரப்பில் நின்று பயிரைப் பார்த்து எட்டணா, பத்தணா என்று கூறுபவர் எத்துணை அனுபவசாலியாயினும், அவர் கூற்றைச் சோதிக்க வழியில்லை. தீர்வை வஜா ஆவது குறைந்த அணாவைப் பொறுத்தது. ஆதலால் குறைத்துச் சொல்வதிலேயே ஊரின் நன்மை இருந்தது. நல்ல ஆண்டிலும் பூரண விளைவு என்று எழுதக் கணக்கருக்குக் கை வராது. 1928இல் வெளிவந்த ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கையும் நாட்டின் விளைவுக் கணக்குகளின் குறைபாட்டை எடுத்துக் காட்டிற்று.

வயலில் ஒரு சிறு துண்டை அறுத்து நிறுத்துப் பார்ப்பது அதற்கு முன்பும் உண்டு. ஆனால் எந்த வயல் என்பதை உத்தியோகஸ்தரே தேர்ந்தெடுத்தார். சராசரியான வயல் என்று அவர் கருதியது பெரும்பாலும் பாதையோரத்தில் உள்ளதாகவும், பார்வைக்கு இனியதாகவும் இருந்தது. 1923 முதல் 1925 வரை பீகார் ஒரிஸ்ஸா மாகாணத்தில் ஹப்பாக் என்னும் சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர் இந்த வழக்கத்தை விடுத்து, வயலையும் அதில் இடத்தையும் குருட்டு வாய்ப்புக்கு விட்டுவிட்டு நெல்லை அறுத்துச் சோதித்தார். அவர் பயன்படுத்திய முக்கோணச் சட்டத்தின் பரப்பு ஏக்கரில் 3,200இல் ஒரு பங்கு, அதாவது சுமார் பதின்மூன்றரைச் சதுர அடி. அவருடைய அறிக்கை 1927இல் பூசா ஆராய்ச்சி நிலையத்து வெளியீடாக வந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் நிலையத்தில் புள்ளியியலுக்குப் புதுவழி வகுத்த பிஷர் இந்த வேலையை உயர்வாக மதித்தார். ஹப்பாக் பின்னர் ஒரிஸ்ஸாவின் முதல் கவர்னரானார். எனினும் குடியானவருக்கு அவர் செய்த உபகாரம் கவர்னர் பதவியில் செய்ததைக் காட்டிலும் அந்த முக்கோணச் சட்டத்தில் செய்ததே பெரிது எனலாம்.

கணக்குச் சரியில்லாவிடில் யாது விளையும் என்பதற்கு வங்காளமே சான்று. 1942இல் பர்மா அரிசியின் வரவு நின்றது. அக்டோபரில் மேதினிபூர் கரையைப் புயல் தாக்கியது. நெற்பயிரில் செம்புள்ளி நோய் பரவியது. அவ்வாண்டின் குளிர்கால நெல்லாகிய ஆமன் எவ்வளவு விளைந்தது என்பது சர்க்காருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. 1943இல் வந்த பஞ்சத்தில் மாண்டவர் சுமார் 15 லட்சம் என 1945இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் 20 முதல் 30 லட்சம் வரை என்பர். கணக்கின் பிழையே பஞ்சத்துக்குக் காரணம் என்று கூறுவது மிகை. யுத்தம், விலையேற்றம், தானியப் போக்குவரத்துத் தடை, ஆட்சியின் அசிரத்தை ஆகிய பலவும் கூடின. ஆனால் விளைவு உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது இன்றளவும் தர்க்கத்துக்குரியதாகவே இருக்கிறது. தானியம் பெரிதும் குறையவில்லை, அதை வாங்கும் சக்தியே ஏழைகளுக்கு அற்றுப்போயிற்று என்பது அமர்த்தியா சென் 1981இல் தம் நூலில் நிறுவ முயன்ற கொள்கை. செம்புள்ளி நோயினால் ஆராய்ச்சி நிலையங்களிலேயே பல நெல் ரகங்களின் விளைவு மிகவும் வீழ்ந்தது என்பதைப் பயிர் நோய் நிபுணர் பத்மநாபன் 1973இல் எடுத்துக் காட்டினார். அக்காலத்தில் மாகாணமெங்கும் முறைப்படி அறுவடைச் சோதனை நடந்திருந்தால் இந்த விவாதத்துக்கு இத்துணை இடமிராது. பஞ்சத்துக்கு முன்னரே எச்சரிக்கையும் கிடைத்திருக்கக் கூடும்.

புள்ளியியல் அறிஞர் ஒன்றுகூடும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியதும் அக்காலத்தை ஒட்டியே. மகாலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1938 ஜனவரியில் அங்கே முதலாவது இந்தியப் புள்ளியியல் மகாநாடு கூடியது. பிஷர் தலைமை வகித்தார். வங்காளத்துச் சணல் பயிரின் பரப்பை மாதிரி முறையால் கணக்கிடும் வேலை அப்போது தொடங்கியிருந்த காலம். வயல்தோறும் சென்று எண்ணுவதைவிடச் சில வயல்களைத் தக்க முறையில் பொறுக்கி எண்ணுவது செலவிலும் குறைவு, உண்மைக்கும் அண்மை என்பது பல மாகாணத்தாருக்கு அப்பொழுது வியப்பாக இருந்தது. எல்லாவற்றையும் எண்ணுவதே மேல் என்பது சாதாரண அறிவின் முடிபு. ஆனால் பல்லாயிரம் பேரை அமர்த்தி எண்ணும்போது பயிற்சி குன்றும், மேற்பார்வை குன்றும், பிழை பெருகும். சிலரை நன்கு பயிற்றிச் சிலவற்றை நன்கு அளப்பதே சிறந்தது. ஆக, மாதிரி முறையின் உயிர் பயிற்சியிலேயே இருக்கிறது. பயிற்சி இல்லாத மாதிரிக் கணக்கு பழைய அணா மதிப்பைவிடத் தாழ்ந்தது. அணா மதிப்பை எவரும் முழுதும் நம்பார்; இதையோ எடைக்கல் வைத்து நிறுத்தது என்று நம்பிவிடுவர்.

விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலில் 1940இல் சேர்ந்த சுகாத்மே அறுவடைச் சோதனையை மாகாணந்தோறும் பரப்பினார். அவருக்கும் மகாலனோபிஸுக்கும் இடையே நிகழ்ந்த விவாதம் புகழ்பெற்றது. குடியானவருக்கும் அது பயன்படுவதாகலின் இங்கே சற்று விரித்துக் கூறுவது தகும். அறுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே வினா. மகாலனோபிஸ் இரண்டடி, நான்கடி ஆரமுள்ள சிறு வட்டங்களைக் கையாண்டார். சிறு துண்டாயின் ஒரே நாளில் பல இடங்களில் அறுக்கலாம். சுகாத்மே அதை ஒப்பவில்லை. சிறு துண்டில் விளைவு உள்ளதைவிட மிகுத்துக் காணும் என்று வயலில் சோதித்துக் காட்டி 1946இல் வெளியிட்டார்.

இதன் காரணத்தைப் பள்ளிச் சிறுவனும் அறியலாம். அறுப்பவர் கை எல்லையோரத்துச் செடியை வெளியே விடுவதைக் காட்டிலும் உள்ளே இழுத்துக் கொள்வதே இயல்பு. நாற்புறமும் இரண்டங்குலம் மிகுதியாக அறுத்துவிட்டதாக வைத்துக் கொள்வோம். இரண்டடி ஆரமுள்ள வட்டத்தில் ஆரம் 24 அங்குலத்துக்குப் பதில் 26 அங்குலம் ஆகிறது. பரப்பு நூற்றுக்குப் பதினேழு பங்கு கூடிவிடும். 33 அடி நீளமும் பதினாறரை அடி அகலமும் உள்ள நீள்சதுரத்தில், அதாவது ஏக்கரில் எண்பதில் ஒரு பங்கில், அதே இரண்டங்குலம் மிகுந்தால் கூடுவது நூற்றுக்கு மூன்றே பங்கு. துண்டு சிறுத்தால் எல்லை பெருக்கும். எல்லை பெருத்தால் பிழையும் பெருக்கும். நூறு வட்டம் அறுத்தாலும் ஆயிரம் வட்டம் அறுத்தாலும் இப்பிழை குறையாது. ஏனெனில் ஒவ்வொன்றும் ஒரே திசையில் தவறுகிறது. நன்கு பயின்ற சிறு குழுவின் கையில் சிறு துண்டும் உண்மை பேசும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்; அதிலும் நியாயம் உண்டு. இவ்விரு மரபின் அடையாளமும் இன்றும் நிலைத்துள்ளது. மேற்கு வங்காளத்தில் வட்டத் துண்டு வழங்குகிறது. உத்தரப் பிரதேசத்தில் சமபக்க முக்கோணம். தமிழ்நாட்டில் நெல் முதலியவற்றுக்கு ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரம்.

இனிப் பயிற்சிக் கூட்டத்தில் நடப்பவற்றைக் காண்போம். முதற்பாடம் வயலைத் தேர்வது. ஒரு கிராமத்தில் 237 சர்வே நம்பர்கள் உள்ளன எனக் கொள்க. தற்செயல் எண் அட்டவணையில் கண்ட மூன்றிலக்க எண் 618. இதை 237ஆல் வகுத்தால் மிச்சம் 144. ஆகவே 144ஆம் நம்பரில் அப்பயிர் இருப்பின் அதுவே சோதனை வயல். மிச்சம் ஒன்றுமில்லையாயின் 237ஆம் நம்பர். 948க்கு மேற்பட்ட எண் வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். ஏன் எனப் புதிய உத்தியோகஸ்தர் கேட்பது வழக்கம். 948 என்பது 237இன் நான்கு மடங்கு. அதற்கு மேலுள்ள எண்களையும் ஏற்றால் முதல் 51 நம்பர்களுக்கு நான்குக்குப் பதில் ஐந்து வாய்ப்பு கிடைத்துவிடும். கிராமத்தில் எல்லா வயலும் சமம் என்னும் நியாயம் அத்தனை நுட்பமாகக் காக்கப்படுகிறது.

வயல் கிடைத்த பின் அதில் இடம் தேர்வது. தென்மேற்கு மூலையில் நின்று நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளக்க வேண்டும். நீளம் 46 அடி வைப்பு, அகலம் 30 எனில், துண்டுக்கு வேண்டிய ஏழேழு வைப்பைக் கழித்தால் 39, 23 ஆகும். இவற்றுக்கு உட்பட்ட இரண்டு தற்செயல் எண்கள், உதாரணமாக 17, 8 என வந்தால், மூலையிலிருந்து நீளவாட்டில் 17 வைப்பும் அகலவாட்டில் 8 வைப்பும் நடந்து நின்ற இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கே பயிர் சாய்ந்திருக்கலாம், எலி தின்றிருக்கலாம், களை மண்டியிருக்கலாம். ஆயினும் முளையை ஓரடிகூட நகர்த்தலாகாது. பயிற்சி பெறுவோர்க்கு மிகவும் கடினமான பாடம் இதுவே. கணக்கில் வல்லவரும் இங்கே தவறுவர். நல்ல குடியானவருடைய வயலில் மோசமான இடம் அகப்பட்டுவிட்டதே என்று இரங்குவதும், வீணான இடத்தை அறுத்து யாது பயன் என்று எண்ணுவதும் மனித இயல்பு. ஆனால் கிராமத்தில் சாய்ந்த பயிரும் எலி தின்ற இடமும் உண்மையில் இருக்கின்றன. அவை கணக்கிலும் இருந்தாக வேண்டும்.

சதுரம் கட்டுவது அடுத்தது. நான்கு முளைகளும் ஐந்தைந்து மீட்டரில் நின்றால் மட்டும் போதாது. மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கயிறு சாய்ந்து ஒரு மூலைவிட்டம் 8 மீட்டரும் மற்றது 6 மீட்டரும் ஆகிவிட்டால் பக்கங்கள் சரியாகவே இருக்கும், பரப்போ 25 சதுர மீட்டருக்குப் பதில் 24 ஆகிவிடும். நூற்றுக்கு நான்கு பங்கு குடியானவர் விளைவு காகிதத்தில் மறைந்துவிடும். கயிறு இழுபடாததாகவும் நனைந்து சுருங்காததாகவும் இருத்தல் வேண்டும். எல்லைக் கயிற்றின் கீழ் வந்த செடியின் தூர் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்ப்பது, இன்றேல் விடுவது. கதிர் எப்பக்கம் சாய்ந்தது என்பதைப் பார்க்கலாகாது. தூரையே பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் கையாளத் தக்க மிகச் சிறந்த உபாயம், ஒரே வட்டாரத்தில் இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, மாலையில் இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதாகும். இது மகாலனோபிஸ் சணல் கணக்கில் வகுத்த ஏற்பாட்டைச் சார்ந்தது. இரு குழுக்களின் சராசரி நெருங்கியிருந்தால் நம்பிக்கை வளரும். விலகியிருந்தால் எவர் கயிறு, எவர் தராசு, எவர் கண் தவறியது என்று ஆராய வேண்டும். ஒருவரைக் குற்றவாளியாக்குவது இதன் நோக்கமன்று. தன் கைப்பழக்கம் எப்பக்கம் சாய்கிறது என்பதை எவரும் தனியே இருந்து அறிய இயலாது; பிறர் அளவோடு ஒப்பிட்டே அறியலாம்.

அறுத்த கதிரைச் சிந்தாமல் அடித்து, தூற்றி, நிறுப்பது கடைசி வேலை. இங்கே ஒரு பெருக்கல் வாய்பாடு ஒவ்வொருவர் மனத்திலும் பதிய வேண்டும். துண்டு 25 சதுர மீட்டர். ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே துண்டின் எடையை 400ஆல் பெருக்குகிறோம். துண்டில் கால் கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 100 கிலோ தவறிவிடும். சாக்கின் எடையைக் கழிக்க மறந்தாலும், பதரை நன்கு தூற்றாவிட்டாலும், தராசு தட்டுக்கு அடியில் மண் ஒட்டியிருந்தாலும் இந்தக் கால் கிலோ எளிதில் வந்துவிடும். அறுத்த அன்று நிறுத்தது ஈர எடை என்பதையும் மறக்கலாகாது. மழையில் நனைந்த நெல்லுக்கும் வெயிலில் காய்ந்த நெல்லுக்கும் உள்ள வேற்றுமையை நெல் விற்றவர் எவரும் சொல்வர். இதன் பொருட்டுச் சில சோதனைகளில் தானியத்தை உலர்த்தி மறுபடி நிறுத்து, குறையும் பங்கைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கால் கிலோவினால் குடியானவருக்கு ஆவது என்ன? 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு வட்டாரத்துக்கு வகுத்த உத்தரவாத விளைவைவிடச் சோதனையில் கண்ட விளைவு எத்தனை பங்கு குறைந்ததோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை பங்கு இழப்பீடாகிறது. உத்தரவாதம் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, உண்மை விளைவு 3,200 கிலோ எனக் கொள்வோம். குறைவு நூற்றுக்கு இருபது. காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 75,000 ரூபாயாயின் கிடைக்க வேண்டியது 15,000 ரூபாய். துண்டுதோறும் கால் கிலோ மிகுத்து நிறுத்துவிட்டால் விளைவு 3,300 ஆகிவிடும், குறைவு பதினேழரை, கிடைப்பது 13,125 ரூபாய். ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 1,875 ரூபாய் அந்தக் கிராமம் முழுவதும் இழக்கிறது. குறைத்து நிறுத்தால் அதே அளவு பொதுப் பணம் வீணாகிறது. முன்பு தீர்வைக்காக ஒரு பக்கம் மட்டும் இழுத்தவர்கள் இருந்தனர். இப்பொழுது இரு பக்கமும் இழுப்பவர் உளர். நடுவே கயிற்றையும் தராசையும் பிடித்து நிற்கும் உத்தியோகஸ்தர் திடமாக இருப்பது முன்னைவிட இன்று அவசியம்.

இத்திட்டத்தின் விதிகள் முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது நான்கு சோதனைகள் வேண்டும் என்கின்றன. நான்கு போதுமா? கிராமத்தில் வயலுக்கு வயல் விளைவு நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் வேறுபடுமாயின், நான்கு சோதனைகளின் சராசரியில் எதிர்பார்க்கும் பிழை பதினைந்து பங்கு. பதினாறு செய்தால் ஏழரை. சோதனையை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும் என்பது பொது விதி. இதனால் ஒரு சங்கடம் உண்டாகிறது. ஜில்லா அளவில் மதிப்பிட வேண்டியிருந்த காலத்தில் சில டஜன் சோதனைகளே நல்ல விடையைத் தந்தன. கிராமந்தோறும் விடை வேண்டும் என்றதும் சோதனைகள் பன்மடங்கு பெருகின. செய்வோர் தொகை அவ்வாறு பெருகவில்லை. அறுவடையோ எல்லா ஊரிலும் சில வாரங்களில் வந்து முடிகிறது. அவசரத்தில் வயலுக்குப் போகாமலே எண்ணை எழுதிவிடும் ஆசை இங்கேதான் பிறக்கும். கைப்பேசியில் படமும் இடக்குறிப்பும் பதியும் ஏற்பாடு இதைத் தடுக்க வந்ததே. அது வயலுக்குப் போனதைக் காட்டும். கயிறு சதுரமாக இருந்ததையும் சாக்கின் எடையைக் கழித்ததையும் அது காட்டாது.

இனி, கூட்டத்தின் மற்றொரு பாதியாகிய அளவளாவுதலைப் பற்றி. பாடத்தைப் புத்தகத்தில் படித்துக் கொள்ளலாம். பான்சேயும் சுகாத்மேயும் 1954இல் வெளியிட்ட விவசாய ஊழியர்க்கான புள்ளியியல் நூல் பல தலைமுறையைப் பயிற்றியது. ஆனால் புத்தகத்தில் இராத சில செய்திகள் உணவுப் பந்தியிலேதான் வெளிவரும். காவேரி டெல்டாவிலிருந்து வந்தவர், முழங்கால் நீரில் முளை நில்லாது மிதப்பதற்கு என்ன செய்தார் என்று சொல்வார். கரிசல் பக்கத்தவர், பருத்தி ஒரே முறையில் எடுபடாது பலமுறை எடுபடுவதால் அதே துண்டுக்கு அடையாளம் கெடாமல் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டிய தொல்லையைச் சொல்வார். மலைச்சரிவில் வேலை செய்தவர், தளர்ந்த கயிறு மேட்டிலும் பள்ளத்திலும் படிந்து நீளுவதைச் சொல்வார். மேலதிகாரி வகுப்பில், ‘எவரேனும் வயலை மாற்றியதுண்டா?’ என்று கேட்டால் ஒருவரும் வாய் திறவார். இரவில் சாப்பாட்டுக்குப் பின் இரு சகபாடிகள் பேசும்போது அதே செய்தி தானே வரும். குடியானவர் முன்னறிவிப்பின்றி அறுத்துவிட்டதால் பக்கத்து வயலை எடுத்தேன் என்பார் ஒருவர். விதிப்படி மாற்று வயல் எடுப்பது எவ்வாறு என்று மற்றவர் கூறுவார். பிறகு ஜில்லாவில் சந்தேகம் எழுந்தால் தொலைபேசியில் கேட்க ஒரு நண்பரும் கிடைத்துவிட்டார். தனியே ஒரு தாலூகாவில் வேலை செய்யும் உத்தியோகஸ்தருக்கு இது சிறிய லாபமன்று. செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வோர் விருந்துக்கான தொகையின் கீழ்க் கோடிடுவது உண்டு. அத்தொகையைக் குறைத்து மிச்சம் பிடிப்பது விதை நெல்லை விற்று மிச்சம் பிடிப்பது போன்றதே.

பெரிய அளவிலும் இவ்வுண்மையை உணர்ந்தே ஸ்தாபனங்கள் எழுந்தன. இந்திய விவசாயப் புள்ளியியல் சங்கம் 1947இல் தோன்றியது. அப்பொழுது உணவு விவசாய இலாகாவை வகித்த ராஜேந்திர பிரசாத் அதன் முதல் தலைவர். 1950இல் கல்கத்தாவில் சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையம் தொடங்கிற்று. தென்கிழக்காசியா, மேற்காசியா, பின்னர் ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளின் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அங்கே மாதக்கணக்கில் உடனுறைந்து பயின்றனர். மகாலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஆம் நாள் 2007 முதல் இந்தியாவில் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று சொற்பொழிவு நிகழ்த்துவது நல்லதே. அவ்வளவு பேரும் ஒரு வயலில் இறங்கி ஒரு துண்டை அறுத்து நிறுத்தால் இன்னும் நல்லது.

தம் வயல் சோதனைக்கு அகப்பட்டால் குடியானவர் செய்யத் தக்கவை சில. அறுவடைத் தேதியை முன்னரே உத்தியோகஸ்தருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வருமுன் அறுத்துவிட்டால் அந்த வயலின் சாட்சியம் கணக்கில் இல்லாமற் போகும். சோதனை நாளில் தாமோ வீட்டார் ஒருவரோ உடனிருக்கலாம். இந்த இடம் வேண்டாம், அந்த இடத்தில் அறுங்கள் என்று சொல்லலாகாது. ஆனால் மூலைவிட்டத்தை அளந்து காட்டும்படி கேட்கலாம். காலிச் சாக்கைத் தனியே நிறுக்கும்படி கேட்கலாம். எடையைத் தம் கையால் ஒரு காகிதத்தில், தேதியும் சர்வே நம்பரும் சேர்த்துக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். நன்கு பயின்ற உத்தியோகஸ்தர் இக்கேள்விகளால் சினம் கொள்ளார். பயிற்சிக் கூட்டத்தில் அவரிடம் முதலில் கேட்கப்பட்டவை இவையே.